புதுக்குடியிருப்புக்கு ரோபோ அனுப்பலாமா?

கேள்வி கேட்டவர் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். தங்கச்சி குடும்பம் முல்லைத்தீவுப் பக்கம், புதுக்குடியிருப்பில். தங்கச்சியின் மகனுக்கு ஆறு வயது. ஓட்டிசம் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லியிருக்கிறார்கள். நாலைந்து சொல்லுக்கு மேல் இன்னும் கதைக்கவில்லை. இப்படியான பிள்ளைகளைக் கதைக்கப் பழக்குகிற ரோபோவை ஒரு வீடியோவில் பார்த்தாராம். சகோதரங்கள் மூன்று பேர் காசு சேர்த்து ஒன்றை அனுப்ப யோசிக்கிறார்கள். எதை வாங்கலாம், மருமகனுக்கு அது உதவுமா என்று கேட்கிறார்.

தம்பி, வாங்க வேண்டாம். காசு சேர்ந்து முடிவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பதால் முதலிலேயே எழுதுகிறேன். அதற்காக "ரோபோவாவது மண்ணாங்கட்டியாவது" என்று தட்டிவிடுகிற ஆள் நான் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் விசேட கல்வி அலகுகளில், அதாவது பள்ளிக்கூடங்களில் இப்படியான பிள்ளைகளுக்கென்று இருக்கிற வகுப்புகளில், பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன்; ஒரு ரோபோவோடும் கொஞ்சக் காலம் மாரடித்திருக்கிறேன். நீங்கள் வீடியோவில் பார்த்தது உண்மைதான். ஆனால் ரோபோவிடம் எது வேலை செய்கிறது என்று விளங்கிக்கொண்டால், அதில் முக்கால்வாசியை உங்கள் தங்கச்சி தன் முற்றத்திலேயே செய்யலாம்.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. 1976இலேயே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சில்வியா வியர், ரிக்கி இமானுவெல் என்ற இருவர் ஓட்டிசம் உள்ள ஒரு சிறுவனிடம் ஒரு "ஆமை"யைக் கொடுத்துப் பார்த்தார்கள். லோகோ என்ற கணினி மொழியில் கட்டளை கொடுத்தால் நிலத்தில் ஊர்ந்து போகும் பொறி அது. ஆமையை ஓட்டுகிற விளையாட்டு, பக்கத்தில் இருந்த மனிதர்களோடு அந்தப் பிள்ளை தொடர்புகொள்ள ஒரு வாசலாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1998இல் கெர்ஸ்டின் டவுட்டன்ஹான் "அரோரா" என்ற ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார். அந்த வழியில் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2005இல் காஸ்பர் பிறந்தது. ஒரு சின்னப் பிள்ளை அளவு, பிள்ளைகளின் உடுப்பு, முகம் மட்டும் ஏறக்குறைய வெறுமை. காலைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்கும். ஓங்கி அடித்தால் நோகுது என்று சொல்லும். ஜப்பானில் ஹிடெகி கொசிமா செய்த கீப்பொன் இன்னும் எளியது: ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த இரண்டு மஞ்சள் உருண்டைகள். கையும் இல்லை, காலும் இல்லை. தலையாட்டும், திரும்பும், துள்ளும், அவ்வளவுதான். நீங்கள் வீடியோவில் பார்த்தது அனேகமாக நாவோவாக இருக்கும். 58 சென்ரிமீற்றர் உயரம், வெள்ளை உடம்பு, பிரான்ஸ் நாட்டில் அல்டெபரான் கொம்பனி செய்தது.

இவற்றின் முகத்தை ஏன் இவ்வளவு வெறுமையாகச் செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீடுகளில் பிள்ளையோடு எப்படிக் கதைக்கிறோம்? அம்மம்மா ஒரு பக்கம் "சொல்லு ராசா, அம்மா சொல்லு, எங்க சொல்லு பாப்பம், சொன்னாத்தான் பிஸ்கற்" என்பார். பின்னால் ரிவி ஓடும். அடுக்களையில் இருந்து இன்னொரு ஆள் கேள்வி கேட்பார். கண், புருவம், வாய், குரல், கை எல்லாம் ஒரே நேரத்தில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்கும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு இத்தனையும் ஒன்றாக வந்து கொட்டும்போது எதைப் பிடிப்பது என்றே தெரியாது. ரோபோ ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிற்கும். நூறு தரம் சொன்னாலும் அதே சொல், அதே குரல். அலுக்காது, கோபிக்காது, "இவ்வளவு சொல்லியும் விளங்கேல்லையா" என்று முகத்தைச் சுளிக்காது. அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். பயம் குறைந்த இடத்தில்தான் பிள்ளை எட்டிப் பார்க்கும்.

இதற்கு ரோபோதான் வேண்டும் என்று இல்லை. வவுனியாவுக்குப் போகிற பஸ் முறிகண்டியில் நிற்கும். எல்லாரும் இறங்குவார்கள், பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துவார்கள், கச்சான் வாங்குவார்கள், ஏறுவார்கள். ஒவ்வொரு முறையும் அதே ஒழுங்கு. எங்கள் அலகில் இருந்த ஒரு பையன் தாயோடு மாதம் ஒரு தரம் அந்த வழியால் போய்வருவான். யாரும் கேட்காமல் அவன் தானாகச் சொன்ன முதற் சொல் "கச்சான்". பஸ் வேகம் குறைகிறபோது சொன்னானாம். தாய் அழுதுகொண்டே வந்து சொன்னார். பிள்ளையாரின் அருள் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அந்த ஒழுங்குக்கும் அதில் பங்கு இருந்தது.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? நல்ல ஆய்வுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஸ்கசெலாட்டி குழுவினர் 2018இல் வெளியிட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான 12 பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரோபோவை 30 நாள் வைத்தார்கள், ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம். பிள்ளையும் ரோபோவும் மட்டும் தனியே விளையாடவில்லை. பக்கத்தில் தாயோ தகப்பனோ இருந்தார். ரோபோ விளையாட்டைப் பார்க்கும், பிறகு பெரியவரைப் பார்க்கும், பிள்ளையைப் பார்க்கும். யாரை எப்போது பார்ப்பது என்று அது செய்து காட்டியது. மாத முடிவில் பிள்ளைகள் ரோபோ இல்லாத நேரத்திலும் பெரியவர்களோடு ஒரே பொருளைச் சேர்ந்து பார்ப்பதில் முன்னேறியிருந்தார்கள். ஆனால் ரோபோவை எடுத்துச் சென்று ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது அந்த முன்னேற்றம் முழுதாக நிலைத்திருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ரோபோ இல்லாத இன்னொரு குழுவும் இருக்கவில்லை. இந்தத் துறையில் பல ஆய்வுகள் இப்படித்தான்: பிள்ளைகள் குறைவு, காலம் குறைவு, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது.

அந்த "ஏதோ ஒன்று" என்னவென்று எங்கள் அலகில் நான் என் கண்ணால் கண்டேன். சில வருடத்துக்கு முன் வெளிநாட்டு நன்கொடையாக ஒரு ரோபோ வந்தது. எந்த நிறுவனம், எந்தப் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. ரிபன் வெட்டி, படம் எடுத்து, பணிஸும் சோடாவும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லும், கை நீட்டும், ஆடும். முதல் வாரம் பிள்ளைகளைவிட ரீச்சர்மாருக்குத்தான் கொண்டாட்டம். ஒரு பிள்ளை அதன் மோட்டர்ச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. இன்னொரு பையன் நேர்மாறு: அது சொல்வதை ஒன்றும் கேட்கமாட்டான், தரையில் படுத்துக்கொண்டு அதன் முழங்கால் மடிவதையே பார்ப்பான். நான்காவது மாதம் பற்றரி வீங்கிவிட்டது. கொழும்புக்கு அனுப்பினோம், அங்கே திருத்த ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. இப்போது அலுமாரிக்குள், மேலே ஒரு துணி போட்டு மூடி.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். பற்றரி பழுதாகத் தொடங்கிய நாட்களில், ரோபோ பாதியில் நின்றுவிட்டால் அந்த முழங்கால் பார்க்கிற பையன் எழும்பிப் போய் சார்ஜர் வயரை எடுத்து வருவான். எடுத்து வந்து என் கையில் தருவான். தந்துவிட்டு, ஒரு கணம், என் முகத்தைப் பார்ப்பான். ஒன்றரை வருடமாக என்னிடம் எதையுமே கேட்காத பிள்ளை. ரோபோ நன்றாக வேலை செய்தபோது அவனுக்கு நான் தேவைப்படவில்லை. அது நின்றபோதுதான் தேவைப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான் விலையுயர்ந்த பொருட்களைத் தேடுவதை விட்டுவிட்டேன். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன் ஏன் வாங்க வேண்டாம் என்கிறேன் என்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

முதலாவது, இந்தப் பொருட்களின் ஆயுள் அதைச் செய்த கொம்பனியின் ஆயுள்தான். மொக்ஸி என்று அமெரிக்காவில் ஒன்று 2020இல் வந்தது. பிள்ளைகளோடு கதைக்கிற நீல நிற ரோபோ. பின்னாளில் 799 டொலருக்கு விற்றார்கள். 2024 டிசம்பரில் கொம்பனி மூடப்படுவதாக அறிவித்தது. அதன் மூளை இணையத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்த கணினியில் இருந்ததால், ரோபோ வீட்டில் இருந்தும் கதைக்காமல் போகிற நிலை. தினமும் அதோடு கதைத்த பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது என்று பெற்றோர் தடுமாறினார்கள். நாவோவைச் செய்த அல்டெபரானும் 2025இல் நொடித்துப் போய்ச் சீனக் கொம்பனி ஒன்றின் கைக்கு மாறிவிட்டது. கனடாவிலேயே இதெல்லாம் தலையிடி. மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகிற புதுக்குடியிருப்பில் எப்படி? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மாற்றத்தைத் தாங்க முடியாத பிள்ளையின் வாழ்க்கைக்குள், எப்போது நின்றுபோகும் என்று தெரியாத ஒரு நண்பனைக் கொண்டுவந்து வைப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இரண்டாவது, மொழி. ஆங்கிலம் கதைக்கிற ரோபோ என்றால் பிள்ளை ஆங்கிலத்தில் நாலு சொல் பிடிக்கும். அம்மம்மாவிடம் அதைச் சொல்லி என்ன கிடைக்கும்? தமிழ் என்றாலும் எந்தத் தமிழ்? சென்னைக் குரல் ஒன்று "ஆமா", "போதும்", "பேசு" என்று சொல்லும். உங்கள் மருமகன் பிறந்ததிலிருந்து கேட்டது "ஓம்", "காணும்", "கதை". எங்களுக்கு இரண்டும் தமிழ். சொல்லின் ஒலியை அப்படியே படம்பிடித்து வைக்கிற பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள்.

மூன்றாவதாக ஒன்று, அதிகம் பேசப்படாதது. பல ரோபோத் திட்டங்களின் இலக்கு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் மாதிரி ஆக்குவது: கண்ணைப் பார், சிரி, வணக்கம் சொல். வளர்ந்த ஓட்டிச மனிதர்கள் பலர் இதை எதிர்க்கிறார்கள். கண்ணைப் பார்ப்பது தங்களுக்கு வேதனை, பார்க்காமல்தான் நன்றாகக் கேட்கமுடிகிறது என்கிறார்கள். டேமியன் மில்ட்டன், தானும் ஓட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கட்டுரையில் சொன்னார்: விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அவர்களுக்கு எங்களை விளங்கவில்லை என்றால் எங்களுக்கும் அவர்களை விளங்கவில்லை. எனக்கு இது சரியாகவே படுகிறது. ஆகவே தங்கச்சியிடம் சொல்லுங்கள், "என்னைப் பார், என்னைப் பார்" என்று நாடியைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். கேட்டால் போதும், கேட்கிற வழி கையாலோ படத்தாலோ இருக்கட்டும்.

இனி, செய்யக்கூடியது. கிளிநொச்சிச் சந்தையிலோ புதுக்குடியிருப்பிலோ ரிமோட்டில் ஓடுகிற சின்னக் கார் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். விலை குறைந்தது போதும், சத்தம் குறைந்ததாக இருந்தால் நல்லது. காரைப் பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் வையுங்கள். ரிமோட் தங்கச்சியின் கையில், மடியில், தெரியும்படி. பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம். விஷயமே அதில்தான் இருக்கிறது. தங்கச்சி "போ" என்று ஒரு சொல் சொல்லிக் காரை ஓட்ட வேண்டும். மூன்று, நாலு தரம் அப்படியே. பிறகு ஓட்டாமல் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணட்டும். கஷ்டமான பகுதி இதுதான், எங்கள் தாய்மாருக்குச் சும்மா இருக்க வராது. பிள்ளை காரைத் தட்டுவான், அல்லது தாயின் கையைப் பிடித்து இழுப்பான், அல்லது ஒரு சத்தம் போடுவான், அல்லது திரும்பிப் பார்ப்பான். எது வந்தாலும் அது "போ" என்பதற்குச் சமம். உடனே "போ!" என்று சொல்லிக் காரை ஓட்டிவிட வேண்டும். வடிவாகச் சொன்னால்தான் ஓட்டுவேன் என்று பேரம் பேசக்கூடாது. அழத் தொடங்கினால் காத்திருந்தது கூடிவிட்டது என்று அர்த்தம்; ஓட்டிவிட்டு, அடுத்த முறை குறைவாகக் காத்திருங்கள்.

ஆராய்ச்சிக்கூடங்களிலும் பாதி நேரம் நடப்பது இதுதான் தெரியுமா? ரோபோ தானாக இயங்குவதாகப் பிள்ளை நினைக்கும். பக்கத்திலோ மறைவிலோ ஓர் ஆள் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார். காஸ்பரைக்கூடப் பல வேளைகளில் பெரியவர் ஒருவர்தான் பொத்தானால் இயக்குவார். உங்கள் தங்கச்சி மறைந்திருக்கத் தேவையில்லை. பிள்ளை வந்து சேர வேண்டிய இடமே அவர்தான்.

காருக்குப் பதில் சவர்க்கார நுரை ஊதுகுழல், பலூன், ஊஞ்சல், கிணற்றடியில் வாளித் தண்ணீர் ஊற்றுவது எதுவும் சரிவரும், பிள்ளைக்குப் பிடித்ததாக இருந்தால். ஒரு பெண் பிள்ளையோடு நாங்கள் தென்னோலைக் காத்தாடி வைத்தே மூன்று மாதம் ஓட்டினோம்.

அடுத்தது படங்கள். 1985இல் அமெரிக்காவில் அண்டி பொண்டி, லோரி ஃப்ரொஸ்ட் என்ற இருவர் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது: பிள்ளை தனக்கு வேண்டிய பொருளின் படத்தை எடுத்து இன்னொருவரின் கையில் கொடுக்கும், கொடுத்ததும் பொருள் கிடைக்கும். கவனியுங்கள், சுவரில் இருக்கிற படத்தைத் தொட்டால் போதாது, ஆளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என்னிடம் வந்த சார்ஜர் வயர் மாதிரி. முறையாகச் செய்ய ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் வழிகாட்ட வேண்டும். முதலில் பிள்ளைக்குப் பின்னால் இருந்து கையைப் பிடித்து உதவ இன்னொரு ஆளும் தேவை, தகப்பனோ அம்மம்மாவோ. கடையில் வாங்கும் படம் வேண்டாம். அவன் குடிக்கிற கோப்பை, அவன் சாப்பிடுகிற மாரி பிஸ்கற், அவன் ஏறுகிற சைக்கிள் இவற்றைக் கைத்தொலைபேசியால் எடுத்து, பிரிண்ட் போட்டு, லமினேற் செய்தால் போதும். "படம் பழக்கினால் வாய் திறக்கமாட்டான்" என்று யாராவது சொல்லுவார்கள், வைத்தியசாலையிலேயே சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி நடப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பல பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடவே செய்திருக்கிறது.

படத்தில் பிடிபட்ட பிறகு டப்லெட்டுக்குப் போகலாம். சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் செய்த அவாஸ் என்ற செயலி இருக்கிறது, தமிழிலும் வரும். படத்தைத் தொட்டால் சொல்லைச் சொல்லும். இப்படியான செயலியில் சொந்தக் குரலைப் பதிய இடம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். "காணும்", "இன்னும்", "வா", "வேண்டாம்", "நிப்பாட்டு", "ஓம்" என்ற சொற்களைத் தங்கச்சியின் குரலிலோ அயல்வீட்டுப் பையன் ஒருவனின் குரலிலோ பதிந்து வையுங்கள். பெயர்ச் சொற்களை மட்டும் நிரப்பாதீர்கள். "வேண்டாம்" சொல்லத் தெரியாத பிள்ளைதான் கடிக்கும், தலையைச் சுவரில் அடிக்கும். இன்னொன்று: டப்லெட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து விட்டுவிட்டு நீங்கள் போகக்கூடாது. தாய் தான் கதைக்கும்போதே படங்களைத் தொட்டுத் தொட்டுக் கதைக்க வேண்டும். நாங்கள் கதைக்காத மொழியைப் பிள்ளை எங்கே இருந்து பழகும்? அதில் யூரியூப் போடவே கூடாது, அது கதைக்கிற டப்லெட், படம் பார்க்கிறது வேறு.

மூன்று பேரும் சேர்த்த காசை என்ன செய்வது என்றால், ஒரு நல்ல டப்லெட்டும் பற்றரி பாங்கும் போக மிச்சத்தை மாதாமாதம் அனுப்புங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் மாறிப் போய்வரவே ஒரு நாள் முடிந்துவிடும். கூட்டத்தையும் ஹோர்ன் சத்தத்தையும் தாங்காத பிள்ளையோடு அந்தப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். பல தாய்மார் கிளினிக்கை விட்டுவிடுவதே இதனால்தான். ஓட்டோவோ வாடகை வானோ பிடிக்கக் காசு கொடுத்தால் மாதம் ஒரு தரம் தவறாமல் போவார்கள். தமிழில் கதைக்கிற பேச்சுச் சிகிச்சையாளர்கள் குறைவு என்பதால் முறை கிடைப்பது தாமதம். இடையில் வீடியோ அழைப்பில் வழிகாட்ட ஒருவரை ஒழுங்குபடுத்தலாம். ஊரில் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு பிள்ளைக்குச் சம்பளம் கொடுத்து, வாரம் நாலு பின்னேரம் வந்து மருமகனோடு விளையாடச் சொன்னால், அந்த நேரத்தில் தங்கச்சி தோயலாம், நித்திரை கொள்ளலாம், கோயிலுக்குப் போகலாம். இதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். களைத்துப்போன தாயால் பத்து வரை எண்ண முடியாது.

பள்ளிக்கூடத்தையும் விடவேண்டாம். ஆறு வயது என்றால் விசேட கல்வி அலகு உள்ள பள்ளிக்கூடம் கிட்டடியில் எது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். எங்கே சேர்த்தாலும் வீட்டில் பாவிக்கிற அதே படங்கள், அதே சொற்கள் வகுப்பிலும் இருக்க வேண்டும் என்று ரீச்சரிடம் கதையுங்கள். காது சோதித்திருக்கிறார்களா என்பதையும் ஒருமுறை கேளுங்கள். கதைக்காத எந்தப் பிள்ளைக்கும் அது முதல் செய்ய வேண்டியது, ஆனால் எங்கள் பக்கம் தவறிப்போகிறதும் அதுதான்.

ரோபோ ஆசை உங்களுக்கு இன்னும் தீரவில்லை என்றால், பிள்ளைக்கு எட்டுப் பத்து வயதாகட்டும், மைக்ரோபிற் போன்ற, பிள்ளைகள் கட்டளை எழுதிப் பழகுகிற சின்னக் கணினிப் பலகை ஒன்றை அனுப்புங்கள். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிற, சக்கரம் சுற்றுகிற பொருளை அவனே அயலட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யட்டும். எடின்பரோ ஆமையைப் போல, அப்போது கட்டளை கொடுக்கிறவன் அவனாக இருப்பான்.

இப்போதைக்கு ஒரு வேலை. தங்கச்சியிடம் சொல்லி, அவன் விளையாடுகிற நேரத்தில் இரண்டு நிமிட வீடியோ ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை கிளினிக்கில் காட்டவும் உதவும். எடுக்கிறவர் வேறு யாராவது இருக்கட்டும். பிள்ளையை மட்டும் கிட்டப் பிடித்து எடுக்க வேண்டாம், தங்கச்சியின் கையும் முகமும் அதில் தெரிய வேண்டும்.